உடல் இளைக்க ஊசி



எங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் தாயார் அண்மையில் வேலைக்காட்டில் மயங்கி விழுந்தார். இரண்டு நாளாக வாந்தி, வயிற்றுப்போக்கு. உடல் இளைப்பதற்காகத் தெரிந்தவர் மூலம் ஊசி வாங்கிப் போட்டிருக்கிறார். வெட்கத்தால் அதை டாக்டரிடமும் முதலில் சொல்லவில்லை. ஆகவேதான் இன்று இதைப் பற்றிப் பேச வந்தேன்.

இவ்வகை ஊசிமருந்துகளில் ஒன்று செமாகுளுட்டைட். அமெரிக்காவில் 2017-இல் நீரிழிவு நோய்க்கும், 2021-இல் உடற்பருமனுக்கும் இதற்கு அனுமதி கிடைத்தது. வாரம் ஒரு முறை தோலுக்கடியில் போடுவார்கள். நாம் உண்டதும் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போல இது வேலை செய்கிறது. மூளையில் பசியுணர்வைக் குறைக்கிறது. உணவு இரைப்பையை விட்டு இறங்குவதையும் தாமதப்படுத்துகிறது.

குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவை இதனால் அடிக்கடி வரும் தொல்லைகள். தொடக்கத்திலும் மருந்தின் அளவைக் கூட்டும்போதும் இவை மிகுதி. பலருக்கு நாளடைவில் தணியும். இதனால்தான் டாக்டர்கள் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரம் சென்ற பிறகே அளவைக் கூட்டுகிறார்கள். சீக்கிரம் இளைக்க வேண்டுமென்று நாமாகக் கூட்டக்கூடாது.

வெயிலில் உழைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வியர்வையில் ஏற்கெனவே நீர் போகிறது. வாந்தியும் பேதியும் சேர்ந்தால் உடல் வறண்டு சிறுநீரகம் பாதிக்கப்படலாம். குடித்த தண்ணீரும் தங்கவில்லை, சிறுநீர் குறைகிறது என்றால் பெரட்டுக்குப் போகாதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.

மேல்வயிற்றில் கடும் வலி தோன்றி முதுகுக்குப் பரவினால் கணையம் வீங்கியிருக்கலாம். வலது பக்க வயிற்றுவலியோடு காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். இரண்டுக்கும் உடனடிச் சிகிச்சை தேவை. இன்சுலினோ, சிலவகை நீரிழிவு மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து, நடுக்கமும் மயக்கமும் வரலாம்.

கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி ஆகாது. குடும்பத்தில் யாருக்கேனும் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பும் ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போலி மருந்தும் நடமாடுகிறது. போலி செமாகுளுட்டைட் குறித்து 2024 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனமே எச்சரித்தது. ஆகவே, டாக்டர் பரிசோதித்து எழுதித் தராத ஊசியை, மலிவென்று யாரிடமும் வாங்காதீர்கள்.

அந்தத் தாயார் இப்போது நலமாக இருக்கிறார். கடைசியில் அவர் உண்மையைச் சொன்ன பிறகுதான் டாக்டருக்குக் காரணம் புரிந்தது. உடல் பருமன் குற்றமல்ல. அதற்கு மருந்து எடுப்பதும் குற்றமல்ல. மறைப்பதுதான் ஆபத்து.