புதுப்பித்த படகு ஏன் தள்ளாடுகிறது?

வார இறுதியில் தூண்டில் போடச் செல்லும் நண்பர்கள் சேர்ந்து பழைய பைபர் படகு ஒன்றை வாங்குகிறார்கள். ஓட்டைகளை அடைத்து, புதுத் தளம் போட்டு, சாயம் பூசி, வெயிலுக்குக் கூரையும் அமைக்கிறார்கள். பார்க்கப் புதிதாக மின்னும் அந்தப் படகு, தண்ணீரில் இறங்கியதும் ஒரு பக்கம் சாய்கிறது. ஒருவர் எழுந்து நின்றாலே தள்ளாடுகிறது.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். படகின் உருவம் மாறவில்லை. எடையும், அந்த எடை இருக்கும் இடமும் மாறிவிட்டன.

உயரே ஏறும் எடை

படகு சாயும்போது, சாய்ந்த பக்கம் கூடுதலாக நீரில் அமிழ்கிறது. நீர் அதை மேலே தள்ள, படகு நிமிர்கிறது. எடை தாழ்வாக இருக்கும்வரை இது ஒழுங்காக நடக்கும். கூரையும் அதைத் தாங்கும் கம்பிகளும் எடையை மேலே ஏற்றுகின்றன. தளத்தை 15 சென்டிமீட்டர் உயர்த்திப் போட்டால், அதில் அமரும் அத்தனை பேரும் 15 சென்டிமீட்டர் உயர்ந்துவிடுகிறார்கள். சிறு படகில் பெரிய சுமையே மனிதர்கள்தானே!

தாழும் பின்பக்கம்

பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதே குதிரைத்திறனில் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினை மாட்டுகிறோம். புதியது எண்ணெய் குறைவாகக் குடிக்கும். ஆனால், பொதுவாக எடை அதிகம். பேட்டரியும் எண்ணெய்த் தொட்டியும் பின்னாலேயே இருந்தால் பின்பலகை தாழ்ந்து, சிறு அலைகூட உள்ளே ஏறும். வேகமெடுத்ததும் முன்பகுதி மேலும் கீழுமாகக் குதிக்கும். அவற்றை நடுப்பகுதிக்கு நகர்த்தினாலே பல சமயங்களில் நிலைமை சீராகிவிடும்.

மறைந்திருக்கும் நீர்

தளத்துக்கு அடியிலுள்ள மிதவை நுரை, பல ஆண்டுகளில் நீரை உறிஞ்சிக் கனத்துப்போகும். ஒரு பக்க நுரை மட்டும் ஊறியிருந்தால் படகு அந்தப் பக்கமே சாயும். தளத்தைப் பிரிக்கும்போதே நுரையைச் சோதித்து மாற்றிவிடுவது நல்லது.

தேங்கி நிற்கும் நீர் இன்னும் மோசம். 4 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ள தட்டையான தளத்தில் 1 சென்டிமீட்டர் நீர் நின்றால், அது 60 லிட்டர். ஏறக்குறைய 60 கிலோ. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கமே அத்தனையும் ஓடிச் சேரும்.

ஆட்டத்தைக் குறைக்க மணல் மூட்டைகளைப் போடுவது தீர்வாகாது. படகு மேலும் தாழும். மூட்டை நகர்ந்தால் ஆபத்து இரட்டிப்பாகும். எடையைச் சேர்ப்பதற்கு முன், மேலே இருப்பதைக் குறைக்கப் பாருங்கள்.

கரையோரச் சோதனை

சுவீடனின் ‘வாசா’ போர்க்கப்பலில் 30 பேரைக் குறுக்காக ஓடவிட்டுச் சோதித்தார்கள். கப்பல் பயங்கரமாக ஆடியதால் சோதனையை நிறுத்தினார்கள், பயணத்தை நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்ட் 10ஆம் தேதி, முதல் பயணத்திலேயே அது ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கியது.

நம் படகுக்கும் அதே சோதனை போதும். அலையில்லாத, இடுப்பளவு நீரில் படகை நிறுத்துங்கள். எஞ்சின், முழு எண்ணெய், மீன் பெட்டி எல்லாம் ஏற்றுங்கள். உயிர்காப்பு அங்கி அணிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக ஒரே பக்கம் நகரட்டும். விளிம்பு நீரை நெருங்கினாலோ, படகு மெதுவாகவே நிமிர்ந்தாலோ வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள்.

அந்தச் சோதனையில் தேறும்வரை பிள்ளைகளைப் படகில் ஏற்ற வேண்டாம்.