சத்தமில்லாமல் தேயும் கல்லீரல்
(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



"காமாலையா? கீழாநெல்லியை அரைச்சு மோரில் கலந்து குடி, சரியாப் போயிடும்." இந்த வைத்தியத்தைக் கேட்காத வீடு நம் பக்கத்தில் இல்லை. பலருக்குச் சரியாவதும் உண்மைதான். ஏனென்றால், கெட்ட தண்ணீராலும் உணவாலும் வரும் ஹெபடைடிஸ் ஏ, இ வகைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும்.

ஆனால் பி, சி வகைகள் அப்படியல்ல. கண் மஞ்சளாகாமலேயே பல வருடம் உடம்பில் தங்கி, கல்லீரலைச் சுருக்கி, புற்றுநோய் வரை கொண்டுபோய் விடலாம். சத்தம் போடாமல் தேயும் பேரிங் மாதிரி! 2022-ல் உலகில் 25.4 கோடிப் பேருக்கு நாள்பட்ட பி வகையும், 5 கோடிப் பேருக்கு சி வகையும் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

எப்படிப் பரவும்?

இரத்தம், உடலுறவு, ஒருவருக்குப் போட்ட ஊசி, சவர பிளேடு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு. சேர்ந்து சாப்பிட்டாலோ கைகுலுக்கினாலோ பரவாது. என் அறைத்தோழன் ஒருவனுக்கு இரத்ததானம் செய்தபோதுதான் பி வகை இருப்பது தெரிந்தது. அவனே எங்களிடம் சொன்னான். மறுநாளே அவன் தட்டையும் டம்ளரையும் சிலர் தனியாக ஒதுக்கி வைத்தார்கள். நோயைவிட அதுதான் அவனை அதிகம் வாட்டியது. இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணமே அதுதான்.

பாசிட்டிவ் என்றால்?

பயந்து ஓட வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேலும் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் இருந்தால்தான் 'நாள்பட்டது' என்பார்கள். வைரஸின் அளவு, எஸ்.ஜி.பி.டி., ஸ்கேன் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். எல்லாருக்கும் உடனே மருந்து தேவைப்படாது; ஆனால் தொடர் பரிசோதனை எல்லாருக்கும் தேவை.

பி வகைக்கு டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர், தினம் ஒரு மாத்திரை. நம் ஒர்க்‌ஷாப் பாஷையில் சொன்னால், மருந்து பிரஸ்ஸை நிறுத்துகிறது. ஆனால் வைரஸின் 'டை' கல்லீரல் செல்லின் உட்கருவிலேயே கிடக்கிறது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று நாமாகவே மாத்திரையை நிறுத்தினால் பிரஸ் மறுபடி ஓடும். கல்லீரல் திடீரெனப் பழுதாகலாம். சி வகைக்கு அப்படி ஒரு டை கிடையாது. 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் 100-க்கு 95 பேருக்கு மேல் முழுக் குணம்! இரண்டு வகைக்கும் மது விஷம்தான்.

அப்படியானால் கீழாநெல்லி?

சென்னை ஆய்வாளர்கள், பி வைரஸைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து, இதைச் சோதித்தே பார்த்தார்கள். 1988-ல் 'லான்செட்' இதழில் வந்த முடிவு: மூலிகை சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே அதை நம்பி மாத்திரையை விடுவது ஆபத்து.

நாம் செய்ய வேண்டியது

பி வகைக்குத் தடுப்பூசி உண்டு: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இது 2011-ல்தான் விரிவாக்கப்பட்டது. எனவே நமக்குப் போட்டார்களா என்று வீட்டில் கேளுங்கள். இல்லையென்றால் டெஸ்ட் எடுத்துவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசு சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

பி வகை உள்ளவர் படிக்கலாம், வேலை பார்க்கலாம், திருமணம் செய்யலாம். துணைக்குத் தடுப்பூசி போட்டால் போதும். பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஊசி போட வேண்டும்.

தோழர்களே, தேய்மானத்தை முன்கூட்டியே கண்டுபிடிப்பவன்தான் நல்ல டெக்னீஷியன். ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்வோம். பக்கத்து இலையில் உட்காரும் நண்பனை ஒதுக்காதிருப்போம்!