'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டு
மைல்ஸ் டேவிஸ் குழு
கொலம்பியா ரெக்கார்ட்ஸ், அமெரிக்கா, 1959
12 அங்குல வினைல். நிமிடத்துக்கு 33⅓ சுற்று

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் (1926–1991) இந்த இசைத்தட்டில் ஐந்து உருப்படிகள் உள்ளன. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாட்களில் இவை பதிவாயின. நியூயார்க்கின் 30ஆம் தெருவில், முன்பு தேவாலயமாக இருந்த கட்டடமே ஒலிப்பதிவுக் கூடம்.

அக்கால ஜாஸில் கார்டுகள் (chords, ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) விரைந்து மாறும். கலைஞர்களின் கற்பனை வாசிப்பும் அவற்றைப் பின்தொடர்ந்தே ஓட வேண்டும். டேவிஸ் கார்டு மாற்றங்களைக் குறைத்து, சில ஸ்வர வரிசைகளை அடிப்படையாகக் கொடுத்தார். ஒரே வரிசையில் நெடுநேரம் நின்று மெட்டை நிதானமாக வளர்க்க இடம் கிடைத்தது. இம்முறைக்கு 'மோடல் ஜாஸ்' என்று பெயர்.

உடன் வாசித்தவர்கள்: ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி (சாக்ஸபோன்), பில் எவன்ஸ், ஒரு உருப்படியில் மட்டும் வின்டன் கெல்லி (பியானோ), பால் சேம்பர்ஸ் (பேஸ்), ஜிம்மி காப் (டிரம்ஸ்).

முதல் நாள் ஒலிப்பதிவுக் கருவி சற்று மெதுவாக ஓடியதால், அன்று பதிவான முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் பல ஆண்டுகள் சற்றே கூடிய சுருதியில் ஒலித்தன. 1990களின் மறுவெளியீடுகளில் இது சரிசெய்யப்பட்டது.

அமெரிக்காவின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டின் முதல் பட்டியலிலேயே (2002) இத்தட்டு இடம்பெற்றது. ஜாஸ் கற்பவர்கள் இன்றும் இதைக் கேட்டு, உடன் வாசித்துப் பழகுகிறார்கள்.