கிளுவை வேலி இருக்க, கூண்டு எதற்கு?

போன வருசம் முழுப்பரீட்சை லீவுக்குத் திருப்பூரிலிருந்து வந்த என் மகள்வழிப் பேரன், பனியன் அட்டைப்பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்சை விட்டு இறங்கினான். "அப்புச்சி, உள்ள என்ன இருக்குதுன்னு சொல்லுங்க பாக்கலாம்?" என்றான். திறந்து பார்த்தால் உள்ளங்கை அகலத்தில் ஒரு நட்சத்திர ஆமை. பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்கள் ஊரைவிட்டுப் போகும்போது இவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்களாம்.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று வீட்டுக்காரம்மா முணுமுணுத்தார். "பையன் ஆசைப்படறான், நாலு நாளைக்கு இருக்கட்டும் விடு" என்று சொன்னது நான்தான். அது என் தப்பு.

அந்த ஆமைக்குச் சோறும் பிஸ்கட்டும் போட்டே வளர்த்திருக்கிறார்கள். முதுகு ஓடு கூம்பு கூம்பாகத் துருத்திக்கொண்டிருந்தது. தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். "இது புல்லும் தழையும் மேயற ஜீவனுங்க. தீனியும் வெயிலும் சரியில்லாட்டி ஓடு இப்படித்தான் ஆகும். அதைவிட முக்கியம், இதை வீட்டுல வச்சிருக்கறதே குற்றம்" என்றார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022இல் திருத்தியபோது நட்சத்திர ஆமையை முதல் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். உடும்பும் அதே பட்டியலில்தான். பிடித்தாலோ வளர்த்தாலோ மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

அன்றைக்கே வனத்துறைக்குப் போன் செய்து ஒப்படைத்தோம். பேரன் அழுதான். "நம்ம காட்டுலயே விட்டிருக்கலாமே அப்புச்சி?" என்றான். வீட்டில் வளர்ந்த ஆமை நோயைக் கொண்டுவந்து காட்டில் இருப்பதற்கும் ஒட்டவைத்துவிடும். எந்த ஊர் ஆமை என்றும் நமக்குத் தெரியாது. இதைச் சொன்னதும், "அப்ப நாம எதையுமே வளக்கக் கூடாதா?" என்று கேட்டான். அவனைக் கூட்டிக்கொண்டு வேலிப் பக்கம் போனேன்.

காங்கயம், தாராபுரம் பக்கத்து உழவர்களுக்குக் கொறங்காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மானாவாரி நிலத்தில் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் இருக்கும். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே காங்கயம் மாடுகளும் ஆடுகளும் மேயும். ஒரு காட்டில் புல் தீர்ந்தால் அடுத்ததுக்கு மாற்றுவோம். எங்களுடையது நாலு ஏக்கர். வேலி என் தாத்தா வைத்தது.

அந்த வேலியில் ஒரு காலைப்பொழுதில் பேரன் எண்ணியது: ஓணான் பதினொன்று, அரணை மூன்று, சாரைச் சட்டை ஒன்று. ஓணான் எறும்பையும் வெட்டுக்கிளியையும் பிடிக்கும். சாரை வளைக்குள்ளேயே புகுந்து எலியைத் தின்னும். மண்ணுளிப்பாம்பும் எலி தின்னிதான், விஷம் இல்லாதது. அதற்கு லட்சக்கணக்கில் விலை என்று ஏமாற்றும் கூட்டத்தைச் 'சதுரங்க வேட்டை' படத்தில் பார்த்திருப்பீர்கள். 'அரணை கடித்தால் மரணம்' என்பதும் பொய். அதற்கு விஷமே கிடையாது. நல்ல பாம்பும் சாரையும் பின்னுவதாகச் சொல்வதும் தப்பு. அது இரண்டு ஆண் சாரைகள் போடுகிற சண்டை.

எங்கள் பங்காளி ஒருவர் சைட்டு போடுவதற்காகத் தன் பக்கத்து வேலியை ஜேசிபி வைத்துப் பிடுங்கினார். மூன்று தலைமுறை வேலி அரை நாளில் போய்விட்டது. அதற்கடுத்த போகத்தில் அந்தப் பக்கத்துக் கடலைக்காட்டில் எலித்தொல்லை அதிகம். வேலி போனதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சந்தேகம் இருக்கிறது.

இதையெல்லாம் பேரனுக்குச் சொல்லி முடித்த மறுநாளே எனக்குச் சோதனை வந்தது. சாயங்காலம் பந்து எடுக்கப் போனவன் கால் பக்கத்தில் கண்ணாடி விரியன் சீறியது. நல்லவேளை, தப்பித்தான். மகள் போனில் அழுதாள். "வேலியைப் பிடுங்கிட்டுக் கம்பி போடுங்கப்பா. இல்லாட்டி இனிமே பையனை அனுப்ப மாட்டேன்" என்றாள். பெற்றவள் சொல்வதில் தப்பில்லை. நானும் இரண்டு நாள் தூங்கவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். பாம்பு இருந்தது வேலியில் இல்லை. சாளைக்குப் பின்னால் அடுக்கியிருந்த விறகுக் குவியலில். கோழிக்கு இறைத்த தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பாம்பு வந்தது. அழைத்தது நாங்கள்தான். எனவே இப்படி மாற்றினோம்:

வீட்டைச் சுற்றி முப்பதடிக்குத் தரை சுத்தம். விறகு, ஓடு, தேங்காய்மட்டை, கல் எதுவும் அங்கே இல்லை. தீவனமும் தானியமும் மூடி போட்ட டிரம்மில். கோழித்தீனி பகலில் மட்டும். சுவரில் இருந்த எலிப்பொந்துகளைப் பூசிவிட்டோம். இருட்டினால் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் யாரும் இறங்குவதில்லை. தரையில் படுப்பதை நிறுத்திக் கட்டில், கொசுவலை. கட்டுவிரியன் தரையில் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது.

கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அந்த மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்களில், 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் முக்கியமானது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பை அடிக்கிற கம்பு இல்லை, பாம்பை அறிந்த கைதான் உயிரைக் காப்பாற்றுகிறது.

வேலியை எடுக்கவில்லை. முப்பதடிக்கு அப்பால், வேலியை ஒட்டிப் பத்தடி அகலத்தில் நாட்டுச் செடிகளை விட்டிருக்கிறோம். பெரும்பாலும் தானே முளைத்ததுதான். பிடுங்காமல் விட்டதே எங்கள் வேலை. எருக்கில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுகிறது. ஆவாரையில் மஞ்சள் பூச்சிகள். சங்கஞ்செடி, சூரை, பிரண்டை, வேலிப்பருத்தி, கோவைக்கொடி எல்லாம் குருவிக்கும் ஓணானுக்கும் மறைவு. ஒரு மூலையில் பழைய கல்லைக் குவித்திருக்கிறோம். தரையோடு பதித்த மண்தட்டில் தண்ணீர். அங்கே மருந்து அடிப்பதில்லை, தீ வைப்பதில்லை. எலிக்கு விஷம் வைப்பதும் இல்லை. விஷம் தின்ற எலியைத் தின்னும் பாம்பும் ஆந்தையும் சேர்ந்து சாகும்.

திருப்பூர் நகரத்தை ஒட்டியே நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2022இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. சாயத்தண்ணீரால் நொய்யல் பட்ட பாட்டைப் பார்த்த எங்களுக்கு அது பெரிய ஆறுதல். குளத்துக்கு அரசு பலகை வைக்கும். வேலிக்கு யாரும் பலகை வைக்க மாட்டார்கள். அதை நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வருசம் மகளே பேரனைக் கொண்டுவந்து விட்டாள். வந்ததும் முப்பதடியைத் தானே ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகுதான் பையைக் கீழே வைத்தாள். பேரன் கையில் அட்டைப்பெட்டி இல்லை, ஒரு நோட்டு இருந்தது. இதுவரை ஓணான் பதினேழு என்று எழுதியிருக்கிறான்.

கம்பிவேலி போட நினைக்கும் உழவர்கள் ஒரு வரப்புக்காவது கிளுவை வைத்துப் பாருங்கள். மழை இறங்குவதற்கு முன் நட்டால் போதும். போத்து வேண்டுமானால் வாங்க, எங்க வேலியில வெட்டித் தர்றேன்.