நடுக்கடலில் நாலாவது கை

கப்பலில் ‘பிரிட்ஜ்’ இரண்டு உண்டு. ஒன்று, கேப்டன் நின்று கப்பலைச் செலுத்துகிற மேல்தளம். மற்றது, சீட்டறையில் நாலு நாலு பேராக உட்கார்ந்து ஆடுவது. நீண்ட பயணம் போகும் உல்லாசக் கப்பல்கள் பலவற்றில் இந்த இரண்டாவது பிரிட்ஜுக்கும் பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் நடுவயதைத் தாண்டிய ஒரு கணவன் மனைவி. கரை தெரியாத நாட்களில் காலையில் பாடம், மதியம் போட்டி. துறைமுகம் வந்துவிட்டால் விடுமுறை. பல கப்பல்களில் இதற்குச் சம்பளம் கிடையாது. கேபினும் சாப்பாடும் பயணமுமே கூலி. ஊர் சுற்ற ஆசைப்படும் ஆசிரியர்களுக்கு அது போதும். குடும்பம் நடத்த நினைப்பவர்களுக்குப் போதாது.

இன்று உலகம் ஆடும் காண்ட்ராக்ட் பிரிட்ஜுக்கும் கப்பலுக்கும் பிறப்பிலேயே உறவு. 1925 இலையுதிர்காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பனாமா கால்வாய் வழியாக ஹவானாவுக்குப் போன ‘ஃபின்லாந்து’ கப்பலில் அமெரிக்கக் கோடீஸ்வரர் ஹெரால்ட் வாண்டர்பில்ட் மூன்று நண்பர்களுடன் இருந்தார். பழைய ஆக்‌ஷன் பிரிட்ஜுக்குத் தான் யோசித்து வைத்திருந்த புதிய புள்ளிக்கணக்கை அந்தப் பயணத்தில்தான் ஆடிப் பார்த்தார். ஒரு கேம் ஜெயித்துவிட்ட ஜோடி அதன்பின் தோற்றால் அபராதம் கூடும். அந்த நிலைக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் விழித்தபோது, உடன் பயணித்த ஓர் இளம்பெண் ‘வல்னரபிள்’ என்று எடுத்துக் கொடுத்தாராம். அந்தச் சொல் இன்றும் மேசைக்கு மேசை புழங்குகிறது. அவர் பெயரைத்தான் யாரும் குறித்து வைக்கவில்லை.

அந்தக் காலத்துப் பயணியிடம் பகல் முழுதும் மிச்சமிருந்தது. 1922-23இல் ‘லக்கோனியா’ உலகைச் சுற்றி வந்தபோது பயணம் நான்கு மாதத்துக்கும் மேல் நீண்டது. டெக் நாற்காலி, புத்தகம், சாப்பாட்டு மணி, பிறகு சீட்டு. பிரிட்ஜ் தெரியாதவர் கப்பலில் பேச்சுத்துணை இல்லாமல் தவிக்க வேண்டியதுதான். ஆசிரியருக்கு ஆள் பிடிக்கும் கவலையே இருந்திருக்காது. பாடத்திட்டத்துக்கும் அலைய வேண்டாம்: 1930இல் எலி கல்பர்ட்சனின் ‘புளூ புக்’ வந்தபின் அமெரிக்கர்கள் அதை வைத்துப் படித்தார்கள், 1949க்குப் பிறகு சார்லஸ் கோரன் பரப்பிய கணக்கு வந்தது. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1. விரல்விட்டு எண்ணத் தெரிந்தால் ஏலம் கேட்கலாம்.

இன்று அந்த 4-3-2-1 மட்டும்தான் எல்லாருக்கும் பொது. பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் கலந்து ஏறும் அட்லாண்டிக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் பிறந்த ‘ஏகால்’ முறையில் பழகிய பாட்டி ‘ஒன் நோட்ரம்ப்’ (துருப்பில்லாத ஆட்டத்துக்கான ஏலம்) கேட்டால் கையில் 12 முதல் 14 புள்ளி என்று பொருள். எதிரே உட்கார்ந்த அமெரிக்கத் தாத்தா அதை 15 முதல் 17 என்று எடுத்துக்கொண்டு மூன்றுக்கு ஏற்றுவார். இருவரும் கவிழ்வார்கள். அதன்பின் ஆசிரியரின் வேலை பிரிட்ஜ் அல்ல, பஞ்சாயத்து. அதனால் விவரமானவர்கள் முதல் நாளே கேட்டுவிடுகிறார்கள்: “உங்கள் நோட்ரம்ப் எத்தனை?”

ஏலத்தின் ஓசையும் அடங்கிவிட்டது. முன்பு வாயால் கேட்பார்கள். குரல் ஏறினால் நல்ல கை, இழுத்தால் மோசமான கை என்று கூட்டாளிக்குத் தெரிந்துவிடும். ஸ்வீடனில் 1960களில் தோன்றிய ஏலப்பெட்டி இப்போது மேசை மூலையில் இருக்கிறது. அட்டையை எடுத்து வைத்தால் போதும். காது மந்தமான முதியவர்கள் நிறைந்த அறையில் இது பெரிய வரம்.

மிகப் பெரிய மாற்றம் ஆட்டம் முடிந்தபின் நடக்கிறது. டூப்ளிகேட் முறையில் எல்லா மேசையும் அதே சீட்டுகளை ஆடும். அதிர்ஷ்டத்தைக் குறைகூற முடியாது. ஆட்டம் முடிந்ததும் அச்சிட்ட தாள் கிடைக்கிறது. ஒவ்வொரு கையிலும் எத்தனை பிடி எடுத்திருக்கலாம் என்று கணினி போட்டிருக்கும். ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு வருவார். “பத்து எடுக்கலாமாமே, நீங்கள் ஏன் ஒன்பதுதான் வழி என்றீர்கள்?” கணினி நாலு கையையும் பார்த்து ஆடுகிறது, உங்களுக்குத் தெரிவது உங்கள் கையும் மேசையில் விரித்து வைத்த கூட்டாளியின் கையான டம்மியும்தான் என்று அன்றாடம் விளக்க வேண்டும். கல்பர்ட்சன் காலத்து ஆசிரியர் சொன்னதை எதிர்த்துப் பேசப் பக்கத்தில் எந்த இயந்திரமும் இல்லை.

அப்புறம் இணையம். 2022 முதல் ஸ்டார்லிங்க் கப்பல்களில் ஏறிவிட்டது. கேபினில் படுத்தபடியே கணினி ரோபோக்களுடன் பிரிட்ஜ் ஆடலாம். கூட்டாளி கோபித்துக்கொள்ள மாட்டார், பெருமூச்சு விட மாட்டார். 2020 ஊரடங்கில் கிளப்புகள் மூடியபோது இப்படி ஆடப் பழகியவர்கள் ஏராளம். சிலர் அப்படியே தங்கிவிட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் குறையில்லை. ரோபோ உண்மையிலேயே சலிக்காமல் ஆடுகிறது. ஆனால் மனைவியை இழந்தபின் முதல்முறையாகத் தனியாகக் கப்பலேறும் ஒருவருக்கு ரோபோ எதிர் நாற்காலியில் உட்காராது.

சீட்டறையில் பெயர் எழுதும் தாள் அதற்காகத்தான். கூட்டாளி இல்லாமல் வருபவர் பெயரைக் குறிப்பார், ஆசிரியர் ஜோடி சேர்ப்பார். வேகமாக ஆடுபவருடன் யோசித்து ஆடுபவரைப் போட்டால் மூன்றாம் நாள் இருவருமே வரமாட்டார்கள். மதியம் இரண்டு மணிக்குப் பதினோரு பேர் வந்தால் மூன்றாவது மேசைக்கு ஒரு கை குறையும். அப்போது ஆசிரியத் தம்பதியில் கணவனோ மனைவியோ, காலையில் கரும்பலகை முன் நின்றவர், நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்வார். கப்பலிலேயே நன்றாக ஆடத் தெரிந்தவர் அவராகவே இருக்கலாம். அன்று எதிரே இருப்பவர் நேற்றுத்தான் துருப்பு எதுவென்று கற்றுக்கொண்டவர். அவர் தன் ராஜாவை ஏஸுக்குக் கீழே போட்டுப் பறிகொடுப்பார். ஆசிரியர் அந்தப் பிடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த சீட்டைப் பார்ப்பார்.