டெயிலர் என்னும் குடிப்பெயர்

அட்டனிலே பத்தாம் வகுப்பு மாணவர்க்குப் பெயரிலக்கணம் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒருவன் எழுந்து, "ஐயா, இலங்கையில் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கிய ஜேம்ஸ் டெயிலரின் முன்னோர் தையற்காரரா? அப்பெயருடையோர் எதனையும் அளந்து செய்யும் இயல்பினராமே!" என்றான்.

முதல் வினாவுக்கு விடை எளிது. அது தொழில்பற்றி வந்த பெயர். பழைய பிரெஞ்சு மொழியில் 'வெட்டுபவன்' எனப் பொருள்பட்டுத் துணி வெட்டித் தைப்பவனைக் குறித்தது. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின் ஆங்கிலத்திற் புகுந்தது. காலப்போக்கில் தந்தையின் தொழிற்பெயர் மைந்தர்க்கும் பேரர்க்கும் உரியதாயிற்று. ஊரும் தந்தை பெயரும் தோற்றமும் இவ்வாறே குடிப்பெயர்களாயின.

இந்நால்வகையும் நம் சங்கப் புலவர் பெயர்களில் உண்டு. அறுவை வாணிகன் இளவேட்டனார் தொழிலாலும், கோவூர் கிழார் ஊராலும், கணக்காயனார் மகனார் நக்கீரனார் தந்தையாலும், நரைமுடி நெட்டையார் தோற்றத்தாலும் அறியப்பட்டனர். ஆயின் அவை குடிப்பெயராக நிலைக்கவில்லை.

குணம்பற்றிய கூற்றோ பொருந்தாது. 1852இல் ஸ்கொத்லாந்திலிருந்து வந்த டெயிலர், 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு, 1892இல் அங்கேயே மறைந்தார். அவர் செய்த தொழில் தையலன்று. முன்னோன் தொழிலே ஒருவன் குணத்தை வகுக்குமெனின், சாதிக்கு இயல்பு கற்பிப்பாரையும் நாம் ஒப்புக்கொள்ள நேரும்.

'வெட்டுபவன்' என்னும் பெயர் செயலால் யார்க்கு உரியது? காடு வெட்டியோரும் கவ்வாத்து வெட்டியோரும் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோரே. தோட்டத்தில் அவர்தம் ஒருநாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப் பேர்'. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தை இந்நாட்டிற் பிறந்தமைக்கோ பாட்டனும் பூட்டனும் பிறந்தமைக்கோ சான்று கேட்டது. நாள்தோறும் பேர் பதிந்தவரிடம் அச்சான்று பெரும்பாலும் இல்லை. நாடற்றோர் என்னும் பெயரே எஞ்சியது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரே எஞ்சியோர்க்கு வழி திறந்தது.

"தம்பி, உன் பாட்டனார், பூட்டனார் பெயர்களை எழுதி வா" என்றேன். மறுநாள் பாட்டனார் பெயரோடு வந்தான். "பூட்டனார் பெயர் வீட்டில் எவருக்கும் தெரியவில்லை, ஐயா" என்றான்.

ஆசிரிய நண்பர்களே, முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அவர்தம் முன்னோர் பெயர்களைக் கேட்டு, மாணவரைக் கொண்டு எழுதி வையுங்கள். குடிப்பெயர் இல்லாதது குறையன்று. முன்னோர் பெயரை மறப்பதே குறை.