கரிக்கோச்சிக்கு உயிர் கொடுத்த இஞ்சின் ஷெட்டுகள்

காரைதீவுக்குத் தண்டவாளம் வந்ததே இல்லை. கல்முனைக்கும் இல்லை, அக்கரைப்பற்றுக்கும் இல்லை. கொழும்புக்குக் கோச்சியில் போவதென்றால் இன்றும் கல்லடிப் பாலத்தைத் தாண்டி, ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வடக்கே மட்டக்களப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். அந்தப் பாதையும் 1928இல்தான் திறக்கப்பட்டது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் ஆசிரியப் பயிற்சிக்காகக் கொழும்பு சென்ற நாட்களில் மட்டக்களப்புக்குப் புகையிரதமே கிடையாது.

மாகோவில் வடக்குப் பாதையிலிருந்து பிரிந்து, கல்ஓயாச் சந்தி, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வாழைச்சேனை என்று நீண்டு வரும் இந்தப் பாதையில் தொடக்க காலத்தில் ஓடியவை நீராவி இஞ்சின்கள். கரிக்கோச்சியில் போய்வந்த முதியவர்கள் இந்தக் கரையெங்கும் இருக்கிறார்கள். புகையையும் கூவலையும் சட்டையில் படிந்த கரித்தூளையும் அவர்கள் சொல்லக் கேட்கலாம். ஆனால் அந்த இஞ்சினை ஒவ்வொரு நாளும் ஓட வைத்த இஞ்சின் ஷெட்டைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. என் கவலை அதைப் பற்றியது.

டீசல் இஞ்சினைச் சாவி போட்டதுபோல் இயக்கிவிடலாம். நீராவி இஞ்சின் அப்படியல்ல. ஆறிப்போன கொதிகலனில் போதிய அழுத்தம் ஏறப் பல மணி நேரம் பிடிக்கும். விடியற்காலையில் புறப்பட வேண்டிய வண்டிக்கு முதல்நாள் இரவே அடுப்பு மூட்ட ஆள் வேண்டும். ஓடி முடித்து வந்த இஞ்சினின் சாம்பலைக் குழியில் தட்டி, புகைப்பெட்டியைக் கூட்டி, மூட்டுக்கு மூட்டு எண்ணெய் விட்டு, கரியும் தண்ணீரும் நிரப்ப வேண்டும். இலங்கையில் நிலக்கரி கிடையாது. கப்பலில் வந்திறங்கிய கரிதான் நாடெங்கும் போனது. தண்ணீரிலும் கவனம் தேவை. உப்பும் சுண்ணாம்பும் கலந்த நீர் கொதிகலனுக்குள் படிந்து இறுகிவிடும். ஆகவே குறித்த இடைவெளியில் கொதிகலனைத் திறந்து கழுவியாக வேண்டும். கரிவண்டி பின்னால் கொளுவிய இஞ்சினைத் திசை மாற்றச் சுழல்மேடையும் தேவைப்பட்டது.

இத்தனைக்கும் கைகள் வேண்டும். அந்தக் கைகள்தான் ஊர்களை உருவாக்கின. மலைநாட்டுப் பாதையில் நாவலப்பிட்டியும் நானுஓயாவும் அப்படி இஞ்சின் ஷெட்டைச் சுற்றி வளர்ந்த இடங்கள். ஒரே குவாட்டர்ஸ் வரிசையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பறங்கியரும் அடுத்தடுத்து வாழ்ந்த வாழ்க்கையும் அங்கே இருந்தது. நம் நாட்டின் சமூக வரலாற்றில் இது ஓர் அரிய பக்கம்.

மாற்றம் 1950களில் வந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா வழங்கிய டீசல் இஞ்சின்கள் 1954இல் வந்து சேர்ந்தன. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களையே அவை தாங்கியிருந்தன. 1960களின் இறுதியோடு அகலப்பாதைகளில் நீராவியின் அன்றாட ஓட்டம் ஏறக்குறைய முடிந்தது. அடுப்பு மூட்டுபவருக்கும் கரி அள்ளுபவருக்கும் வேலை இல்லாமற் போயிற்று. பிறகு யுத்தம் வந்தது. மட்டக்களப்புச் சேவை ஆண்டுக்கணக்கில் தடைப்பட்டது. வவுனியாவுக்கு வடக்கே தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குப் போயின. யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில் ஓடியது 2014இல்தான். பழைய நிலையங்களோடு சேர்ந்திருந்த எத்தனையோ தடயங்கள் அங்கே அந்த ஆண்டுகளில் அழிந்தன.

மிஞ்சியவற்றுள் சில கொழும்பு தெமட்டகொடை ஷெட்டில் இருக்கின்றன. ஆளுநர் சேர் தோமஸ் மெய்ட்லண்டின் பெயர் தாங்கிய இஞ்சின் அவற்றுள் ஒன்று. 1986இல் தொடங்கிய ‘வைஸ்ரோய்’ சுற்றுலா வண்டிக்காகப் பழைய நீராவி இஞ்சின்கள் மீண்டும் ஓடவைக்கப்பட்டன. நாட்டின் முதல் ரயில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது 1864 டிசம்பர் 27ஆம் திகதி. சரியாக 150 ஆண்டுகள் கழித்து, 2014இல் அதே திகதியில், கடுகண்ணாவையில் தேசிய புகையிரத அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பிள்ளைகளைக் கண்டிக்குக் கூட்டிப்போகிறவர்கள் அங்கும் அவசியம் இறங்கிப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் அருங்காட்சியகம் இஞ்சினைக் காக்கும் அளவுக்கு வேலையைக் காப்பதில்லை. எந்தக் கரி நன்றாக எரியும், ஏற்றத்தில் எப்போது அடுப்பில் கரி போட வேண்டும், கூவல் சத்தத்தை வைத்தே எந்தச் சாரதி வருகிறார் என்று எப்படி அறிவது என்பதெல்லாம் மனிதர்களிடம் மட்டுமே இருந்த அறிவு. நீராவிக் காலத்தில் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் இன்று எண்பதையோ தொண்ணூறையோ நெருங்கிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். காரைதீவிலோ கல்முனையிலோ மட்டக்களப்பிலோ உங்கள் வாப்பா, அப்பப்பா, மாமா யாரேனும் ரயில்வேயில் வேலை செய்திருந்தால், அவரை உட்கார வைத்துப் பேசச் சொல்லி, கைத்தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். நியமனக் கடிதம், சேவைப் புத்தகம், ஷெட் முன்னால் எடுத்த குழுப்படம் எதுவானாலும் எறிந்துவிடாதீர்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு அதன் பிரதியைக் கொடுக்கலாம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அவற்றின் மாணவர்கள் இந்த வேலையைக் கையிலெடுக்க வேண்டும், அதுவும் இந்த ஆண்டே.